பேஸ் கிட்டாரில் எந்தப் பாடல்களைக் கற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தந்திகளைச் சுருதி சேர்க்கவும், இரண்டு விரல்களை மாற்றி மாற்றி மீட்டவும், ஒன்றிரண்டு ஸ்கேல்களைத் தடுமாறாமல் வாசிக்கவும் பழகிய பிறகு பேஸ் கிட்டார் பயில்பவர்கள் பெரும்பாலும் கேட்பது அடுத்து எந்தப் பாடல் என்பதைத்தான். பெரும்பாலும் 1950களின் இறுதியிலிருந்து 1980களின் இறுதி வரை வெளிவந்து, இன்றும் வாசிக்கப்படும் ராக், சோல், ஃபங்க், ரெக்கே, ஜாஸ் இசையை மனத்தில் கொண்டு இங்கே விடைகள் எழுதப்பட்டுள்ளன. தெரிவுகள் என்னுடையவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருப்பதால், என்னோடு ஒத்துப்போகாதவர்கள் அதே காரணங்களை வைத்துத் தங்களுக்கு வேறு பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.

முதல் முழுப் பாடலாக எதை எடுத்துக்கொள்ளலாம்?

பென் ஈ. கிங் பாடி 1961இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் பை மீ’ என்று தயங்காமல் சொல்வேன். எட்டு பார் (பார் என்பது இங்கே நான்கு தட்டு கொண்ட தாள அலகு) கொண்ட ஒரே சுற்றுதான் பாடல் முழுவதும் வருகிறது. ஏ மேஜரில் இரண்டு பார், எஃப் ஷார்ப் மைனரில் இரண்டு பார், டியில் ஒன்று, ஈயில் ஒன்று, பிறகு மீண்டும் ஏ மேஜரில் இரண்டு என்று அது அமைந்திருக்கிறது. பல்லவி வந்தாலும் சரணம் வந்தாலும் நடுவில் வயலின்கள் வந்தாலும் இந்தச் சுற்று மாறுவதில்லை. எனவே அதை மனப்பாடம் செய்தவருக்குப் பாடலின் அமைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் போகிறது. முழுக் கவனத்தையும் கையின்மேல் வைக்கலாம்.

எளிது என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. பாடல் தொடங்கும்போது பேஸும் மெல்லிய தாளக் கருவிகளும் தவிர வேறெதுவும் ஒலிப்பதில்லை. எங்கே இடைவெளி விட வேண்டும், எங்கே அடுத்த கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுதியை) நோக்கி நடக்கத் தொடங்க வேண்டும் என்பது அந்தத் தொடக்கத்திலேயே பளிச்சென்று காதில் விழும். நீங்கள் வாசிக்கும்போது செய்யும் பிழையும் அதே போலப் பளிச்சென்று விழும். முதல் பாடலிலேயே மறைவிடம் இல்லாமல் வாசிக்கப் பழகுவது பின்னால் பெரிதும் உதவும்.

எனக்குப் பிடித்த பாடலைத் தேர்ந்தெடுப்பதா, என் திறமைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பதா?

ஒரு பாடலைக் கற்று முடிப்பதற்குள் அதைப் பல பத்து முறை கேட்க வேண்டியிருக்கும் என்பதால், பிடிக்காத பாடலை யாரும் கடைசி வரை கொண்டுபோவதில்லை. சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாடல் என்றால் பாதி வேலை முன்பே முடிந்துவிடுகிறது. எந்த வரிக்குப் பின் பல்லவி வரும், எங்கே ட்ரம்ஸ் நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு பாடல் பிடித்திருப்பதும் அதன் பேஸ் வரி தெரிந்திருப்பதும் வேறு வேறு. பாடலை மூன்று முறை பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பிறகு நிறுத்திவிட்டு, பாடகரின் மெட்டை ஒதுக்கிவிட்டு பேஸ் வரியை மட்டும் வாயால் முனகிப் பாருங்கள். தோராயமாகவாவது வந்தால் அந்தப் பாடலை எடுக்கலாம். மெட்டே திரும்பத் திரும்ப வாயில் வந்து நின்றால், அதைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைப்பது நல்லது, ஏனெனில் அப்போது விரல் எதைத் தேடுகிறது என்று காதுக்கே இன்னும் தெரியாது.

பிரபலமான ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசை வரிகளை) மட்டும் கற்றால் போதாதா?

என் முதல் ஆண்டு அப்படித்தான் கழிந்தது. பதினைந்து பாடல்களின் தொடக்கம் எனக்கு அத்துப்படி; வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டுப் பாராட்டினார்கள். பிறகு ஒரு நாள் ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பருடன் உட்கார்ந்தபோது, அவற்றில் ஒன்றைக்கூட இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னால் கொண்டுபோக முடியவில்லை. ரிஃப் முடிந்து சரணத்துக்குள் நுழையும் அந்த ஒரு பாரில் ஒவ்வொரு முறையும் கை நின்றது. அவர் குச்சிகளைத் தொடையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

பேஸ் வாசிப்பவரிடம் குழு எதிர்பார்ப்பது தொடர்ச்சியை. நான்கு நிமிடம் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் நின்று வாசிக்கும் ஆற்றல் ரிஃப்களைச் சேகரிப்பதால் வருவதில்லை. அதனால் பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்கத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நடுப்பகுதியையும் முடிவையும் கேட்டுவிட்டு, முழுவதையும் வாசிக்க முடியும் என்று தோன்றினால் மட்டும் எடுங்கள்.

ஒரு பாடல் எளிதா கடினமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

வேகத்தையும் ஸ்வரங்களின் எண்ணிக்கையையும் வைத்து அளப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. நான்கு ஸ்வரங்கள் மட்டுமே உள்ள பாடல் நாற்பது ஸ்வரங்கள் உள்ள பாடலைவிடக் கடினமாக இருக்கக்கூடும். மூன்று பாடல்களை எடுத்துச் சற்று அருகில் சென்று பார்க்கலாம்.

யூ2 குழுவின் ‘வித் ஆர் வித்தவுட் யூ’ 1987இல் வந்தது. ஆடம் கிளேட்டன் வாசிப்பது டி, ஏ, பி, ஜி ஆகிய நான்கு ஸ்வரங்களைத்தான். ஒவ்வொன்றும் ஒரு பாருக்கு எட்டு முறை. பத்து நிமிடத்தில் கற்றுவிடலாம். ஆனால் பாடல் ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஓடுகிறது. அதற்குள் முணுமுணுப்பிலிருந்து உச்சக் குரல் வரை ஏறி, மீண்டும் தணிகிறது. அந்த நான்கு ஸ்வரங்களை வைத்துக்கொண்டே நீங்களும் ஏறித் தணிய வேண்டும். எட்டில் ஏதாவது ஒன்று தடித்தோ மெலிந்தோ ஒலித்தால் உடனே தெரிந்துவிடும். இடது கைக்கு ஓய்வும் வலது கைக்குத் தேர்வும் வைக்கும் பாடல் இது.

அடுத்தது குயீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’. 1980இல் வந்த இந்தப் பாடலை எழுதியவர் அக்குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன். முந்தைய ஆண்டு ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாடலில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த வரியின் தாக்கம் இதில் தெளிவாகக் கேட்கிறது. தனித்தனியே விழும் மூன்று ஈ ஸ்வரங்களில் ரிஃப் தொடங்குகிறது. அந்த மூன்றுக்கும் நடுவே உள்ள நிசப்தம்தான் பாடலின் கடினமான பகுதி. ஸ்வரத்தை மீட்டினால் மட்டும் போதாது. சரியான கணத்தில் அணைக்கவும் வேண்டும். ஈ தந்தியைத் திறந்த நிலையில் வாசிப்பவர்கள் இடது கை விரல்களைத் தந்தியின்மேல் இலேசாகச் சாய்த்து அணைக்கக் கற்க வேண்டும். விட்டுவிட்டால் தந்தி தொடர்ந்து முழங்கி, ட்ரம்ஸுக்கு இருக்க வேண்டிய இடத்தை அடைத்துவிடும்.

மூன்றாவது மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’. 1982இல் வந்த ஆல்பத்தில் உள்ள இந்தப் பாடலில் பேஸ் வாசித்தவர் லூயிஸ் ஜான்சன். ஒரு பாருக்கு எட்டு ஸ்வரங்கள்: எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஈ, சி ஷார்ப், பி, சி ஷார்ப். டி தந்தியிலும் ஏ தந்தியிலும் இரண்டாவது, நான்காவது ஃப்ரெட்களில் (கருவியின் கழுத்தில் உள்ள உலோகக் கட்டைகளில்) இவை அனைத்தும் கிடைத்துவிடுவதால் கை இடம் மாற வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 117 தட்டு வேகத்தில் இது ஓடுகிறது; அதாவது நிமிடத்துக்கு 234 ஸ்வரங்கள். மூச்சு விட இடமே கிடையாது. முதல் நிமிடம் எளிதாகத்தான் இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் முன்கை இறுகத் தொடங்கும்போதுதான் பாடலின் உண்மையான குணம் தெரியவரும். நடுவில் கார்ட் மாறும் இடங்களில் வரியும் மாறுவதால், இயந்திரம் போல ஓடிக்கொண்டிருந்த கை அங்கேதான் தவறும்.

ஆக, ஒரு பாடலை எடைபோடும்போது நான் கவனிப்பவை ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எங்கே அணைய வேண்டும், ஓய்வுக்கு இடம் உள்ளதா, கை எத்தனை முறை இடம் மாற வேண்டும், பாடலுக்கு எத்தனை வேறுபட்ட பகுதிகள் உள்ளன என்பவையே. வேகத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன், ஏனெனில் அது ஒன்றை மட்டுமே குறைத்து வாசித்துப் பழக முடியும்.

இவற்றை எந்த வரிசையில் கற்பது?

ஒரு பாடலில் உங்களுக்குப் புதிதான சிரமம் ஒன்று மட்டும் இருக்கட்டும். ‘ஸ்டாண்ட் பை மீ’ முடித்தவர் அடுத்து ‘வித் ஆர் வித்தவுட் யூ’ எடுத்தால் சீரான எட்டு ஸ்வரங்கள் மட்டும் புதிது. அதன்பின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ எடுத்தால் அணைப்பது மட்டும் புதிது. இரண்டையும் முடித்தவருக்கு ‘பில்லி ஜீன்’ பாடலில் எஞ்சுவது சோர்வு ஒன்றுதான். தாவி நான்காவதிலிருந்து தொடங்குகிறவர் எல்லாச் சிரமங்களையும் ஒரே நேரத்தில் சந்தித்து, பழியைத் தன் விரல்களின்மேல் போட்டுக்கொள்கிறார்.

பதிவில் நான் கேட்பது உண்மையிலேயே பேஸ் கிட்டார்தானா?

நல்ல கேள்வி, பலர் இதைக் கேட்காமலேயே வாரக்கணக்கில் அல்லாடுகிறார்கள். தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ‘செவன் நேஷன் ஆர்மி’ (2003) என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது அதன் பேஸ் ரிஃப்தான். ஆனால் அது ஒரு பெடல் மூலம் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழிறக்கப்பட்ட சாதாரண கிட்டார். ஸ்டீவி வண்டரின் ‘சூப்பர்ஸ்டிஷன்’ (1972) பாடலில் கீழ் வரியை அவரே மூக் சிந்தசைசரில் வாசித்திருக்கிறார். பிரின்ஸின் ‘வென் டவ்ஸ் க்ரை’ (1984) பாடலிலோ பேஸ் வரியே கிடையாது. தி டோர்ஸ் மேடையில் பேஸ் கலைஞர் இல்லாமலே வாசித்தார்கள். ரே மன்சரெக் இடது கையால் ஒரு கீபோர்டில் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் பேஸ் கிட்டாரில் வாசிக்கக் கூடாது என்பதில்லை. ‘செவன் நேஷன் ஆர்மி’ தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அருமையான பயிற்சி. ஆனால் பதிவில் உள்ள ஒலி உங்கள் கருவியில் வரவில்லை என்று மனம் தளரக் கூடாது. இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு லூ ரீடின் ‘வாக் ஆன் த வைல்ட் சைட்’ (1972). ஹெர்பி ஃபிளவர்ஸ் முதலில் நின்று வாசிக்கும் டபுள் பேஸில் ஒரு வரியைப் பதிவு செய்து, அதன்மேல் மின் பேஸில் இன்னொரு வரியை மேலே வைத்து வாசித்தார். இரண்டும் சேர்ந்து சறுக்குவதுதான் அந்தப் பாடலின் முகம். ஒற்றைக் கருவியில் வாசிப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். நண்பர் ஒருவரும் பேஸ் வைத்திருந்தால், இருவரும் ஆளுக்கொரு வரியாகப் பிரித்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்; பேஸ் வாசிப்பவர்கள் இருவர் சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு அரிதாகத்தான் கிடைக்கும்.

பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கொண்டு வாசிப்பதா, விரலால் வாசிப்பதா? பாடல் தெரிவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பதிவில் பிக் ஒலித்தால் பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ பதிவுகளில் வாசித்த கரோல் கேயும் யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயரும் பிக் வைத்து வாசித்தவர்கள். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் பல பாடல்களில் அப்படியே. ரமோன்ஸின் ‘பிளிட்ஸ்க்ரீக் பாப்’ (1976) பாடலை விரலால் வாசித்தால் ஸ்வரங்கள் சரியாக இருந்தும் பாடல் சப்பென்று போய்விடும். பிக்கைக் கீழ்நோக்கி மட்டுமே அடித்து, மணிக்கட்டு வலிக்க வலிக்க வாசிப்பதில்தான் அதன் முரட்டுத்தனம் இருக்கிறது. பிக் வைத்துக்கொள்வது தரக்குறைவு என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

மோடவுன் பாடல்களை எப்போது தொடங்கலாம்?

கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்பும் விஷயம் இது. மோடவுன் நிறுவனத்தின் பதிவுகளில் பெரும்பகுதிக்குப் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். பல ஆண்டுகள் அந்த இசைத்தட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சிடப்படவே இல்லை; கோடிக்கணக்கானவர்கள் அவர் வாசிப்புக்கு ஆடியும் அவரை யாரென்று அறியாதிருந்தார்கள். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே கொண்டு அவர் வாசித்தார் என்று சொன்னால், அவருடைய வரிகளைக் கற்றவர்கள் முதலில் நம்ப மறுப்பார்கள்.

அவரிடம் நுழைய வாசல் ‘மை கேர்ள்’. தி டெம்ப்டேஷன்ஸ் பாடி 1964 டிசம்பரில் வெளிவந்த இந்தப் பாடலின் தொடக்கத்தில் பேஸ் வாசிப்பது சி என்ற ரூட்டையும் (கார்டின் அடிப்படை ஸ்வரத்தையும்) ஜி என்ற அதன் ஐந்தாவதையும்தான். குழந்தைகூட வாசித்துவிடும். ஆனால் இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவே எவ்வளவு காத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பின்னர் பாடல் சியிலிருந்து டிக்கு ஏறுகிறது. திறந்த தந்திகளை நம்பி வாசிப்பவர்கள் அங்கே தடுமாறுவார்கள். முதல் நாளிலிருந்தே விரல் அமைப்பை ஒரு வடிவமாகப் பழகினால், இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்துவதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்த படி ஸ்டீவி வண்டரின் ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ (1968). அதற்கும் அடுத்து மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971). இந்த இரண்டிலும் ஒரு பாரைப் போல இன்னொரு பார் இருப்பதில்லை. கார்டின் ஸ்வரங்களுக்கு நடுவே அரை ஸ்வரங்களை இழைத்துக்கொண்டு, பாடகரோடு பேசுவது போல வரி நகர்கிறது. இவற்றை ஒவ்வொரு ஸ்வரமாக மனப்பாடம் செய்ய ஆறு மாதம் ஆகலாம். என் கருத்தில் அது தேவையில்லை. நான்கு பார் எடுத்துக்கொண்டு, எந்த ஸ்வரம் கார்டைச் சேர்ந்தது, எது வழியில் மிதித்துச் செல்வது என்று பிரித்துப் பார்த்தால், மீதிப் பாடலில் அவர் என்ன செய்கிறார் என்று காது தானாகப் பின்தொடரும். கார்ட் ஸ்வரங்கள் ஃப்ரெட்போர்டில் எங்கே உள்ளன என்று யோசிக்காமல் சொல்ல முடிகிறவர் தொடங்கலாம். மற்றவர்களுக்கு அது வெறும் ஃப்ரெட் எண்களின் வரிசையாகத்தான் இருக்கும்.

மெட்டு போல ஒலிக்கும் பேஸ் வரிகளில் எதை எடுக்கலாம்?

பீட்டில்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டு ஆல்பமான ‘அபே ரோட்’ ஒன்றிலேயே இரண்டு நிலைகளும் கிடைக்கின்றன. ‘கம் டுகெதர்’ நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு. சறுக்கிச் செல்லும் அதன் ரிஃப்பைக் கற்பது கடினமில்லை, கனமாக வாசிப்பதுதான் கடினம். ‘சம்திங்’ தேர்ந்தவர்களுக்கு, ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய அந்தப் பாடலில் மெக்கார்ட்னியின் பேஸ் இன்னொரு குரலாகவே பாடுகிறது. பாடகர் வரியை முடிக்கும் இடங்களில் பேஸ் எழுந்து, அவர் மீண்டும் தொடங்கும்போது தணிந்துவிடுவதைக் கவனிக்காமல் ஸ்வரங்களை மட்டும் கற்றவர் பாடகரின் மேல் ஏறி மிதிப்பார்.

ரெக்கே பாடல்கள் எளிதாகத் தெரிகின்றனவே?

கைக்கு எளிது, காலப்பிரமாணத்துக்குக் கடினம். பாப் மார்லியின் குழுவில் ஆஸ்டன் பேரட் வாசித்த ‘ஸ்டிர் இட் அப்’ (1973) ஏ, டி, ஈ ஆகிய மூன்று கார்ட்களில் அடங்கிவிடும். ட்ரம்ஸும் கிட்டாரும் விட்டுவைக்கும் இடங்களில் பேஸ் மெட்டைச் சுமந்துகொண்டு போகிறது. அவசரப்பட்டால் பாடல் கெட்டுவிடும்; எல்லாருக்கும் அவசரம் வருகிறது. கருவியில் உள்ள டோன் குமிழைக் குறைத்து, விரலை ஃப்ரெட்போர்டின் பக்கம் நகர்த்தி மீட்டினால் அந்த உருண்டையான ஒலி கிடைக்கும்.

ஸ்லாப் கற்க எந்தப் பாடல்?

ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் ‘தேங்க் யூ’, 1969 இறுதியில் வந்தது. லாரி கிரஹாம் தன் தாயாரின் பியானோவுடன் ட்ரம்ஸ் இல்லாமல் வாசிக்க நேர்ந்தபோது, கட்டை விரலால் தந்தியை அடித்துக் கிக் ட்ரம்மையும் தந்தியை இழுத்து விடுவதால் ஸ்நேரையும் ஈடுசெய்யத் தொடங்கினார். ஸ்லாப் பிறந்தது இந்தத் தேவையிலிருந்து. அவருடைய வரிகளில் வேகம் குறைவு, தாளம் நிறைவு. வேகமான ஸ்லாப் காட்சிகளைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். ஆயினும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

‘மணி’ பாடலின் எண்ணிக்கை கைக்கு வர மறுக்கிறது. என்ன செய்வது?

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் இந்த 1973ஆம் ஆண்டுப் பாடலில் ரோஜர் வாட்டர்ஸின் ரிஃப் ஏழு எண்ணிக்கையில் சுழல்கிறது. நான்குக்குப் பழகிய கால் எட்டாவது தட்டை எதிர்பார்த்து ஏமாறுகிறது. கருவியைக் கீழே வைத்துவிட்டு, ‘தகதிமி தகிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டு பாடலுடன் கைதட்டிப் பாருங்கள். சொற்கட்டு வாயில் அமர்ந்துவிட்டால் எண்ண வேண்டிய தேவையே வராது. கிட்டார் தனியாவர்த்தனம் தொடங்கும்போது பாடல் நான்குக்கு மாறிவிடும். அந்த மாற்றத்தையும் பிறகு ஏழுக்குத் திரும்புவதையும் தனியாகப் பயிற்சி செய்யுங்கள்.

ஜாஸ் பக்கம் போக நினைப்பவர் எதில் தொடங்கலாம்?

மைல்ஸ் டேவிஸின் ‘ஸோ வாட்’ (1959). மெட்டையே பேஸ்தான் வாசிக்கிறது. பதிவில் பால் சேம்பர்ஸ் டபுள் பேஸில் வாசித்தார். 32 பார் கொண்ட சுற்றில் முதல் 16 பார் டி டோரியன் என்ற ஸ்கேலிலும், அடுத்த 8 பார் அரை ஸ்வரம் மேலேயும், கடைசி 8 பார் மீண்டும் டியிலும் நிற்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஸ்வரம் என்று நடக்கும் வாக்கிங் பேஸைப் பழக, ஒரே ஸ்கேலில் இவ்வளவு நேரம் நிற்கும் பாடல் போல வசதியானது வேறில்லை. இதற்கு நேர்மாறான சிக்கலும் இதில் உண்டு: பார்கள் எல்லாம் ஒன்றுபோல ஒலிப்பதால் எண்ணிக்கை தவறி, அடுத்தவர்கள் மேலே ஏறிய பிறகும் நீங்கள் கீழேயே நடந்துகொண்டிருப்பீர்கள்.

நான்கு தந்திகள் போதுமா? பாடலோடு சேர்த்து வாசித்தால் சுருதி ஒத்துப்போகவில்லையே?

இங்கே சொன்ன பாடல்களில் பேஸ் கிட்டாரில் வாசிக்கப்பட்டவை எல்லாவற்றுக்கும் நான்கு தந்திகள் போதும். சுருதி ஒத்துப்போகாததற்குக் காரணம் பெரும்பாலும் பதிவில் இருக்கும். கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ (1987) பாடலில் எல்லாத் தந்திகளும் அரை ஸ்வரம் இறக்கப்பட்டிருக்கின்றன. நீங்களும் இறக்கிக்கொண்டால் விரல் அமைப்பு இயல்பாக அமையும். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ (1967) வேறு வகை: நாடாவின் வேகத்தை மாற்றி இரண்டு பதிவுகளை ஒட்டியதால் அதன் சுருதி இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே விழுகிறது. அத்தகைய பாடலுக்குக் கருவியைத் திருகிக்கொண்டிராமல், மென்பொருளில் பதிவின் சுருதியைச் சற்று நகர்த்திக்கொள்வது எளிது.

டேப் (தந்தியையும் ஃப்ரெட்டையும் எண்களால் காட்டும் குறிப்பு) பார்த்துக் கற்பதா, காதால் கேட்டுக் கற்பதா?

முதலில் காது, பிறகு சரிபார்க்க டேப். இணையத்தில் கிடைக்கும் டேப்களில் ஸ்வரம் சரியாக இருந்தாலும் தந்தி தவறாக இருப்பது சாதாரணம். ‘பில்லி ஜீன்’ வரியை ஒரு டேப்பைப் பார்த்து ஏழாவது, ஒன்பதாவது ஃப்ரெட்களில் நான் நெடுநாள் வாசித்துக்கொண்டிருந்தேன். ஸ்வரங்களில் குறையில்லை, ஒலிதான் மொத்தையாக இருந்தது.

கேட்கும்போது கைபேசியின் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். திறந்த ஈ தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. ஹெட்ஃபோன் வேண்டும். 1960களின் பல ஸ்டீரியோ பதிவுகளில் பேஸ் ஒரு பக்கம் மட்டுமே ஒலிக்கும் என்பதால், மறுபக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டால் திடீரென்று தெளிவாகும். அப்படியும் புரியாத இடத்தை மென்பொருளில் ஓர் ஆக்டேவ் மேலே ஏற்றிக் கேளுங்கள். மங்கலாக இருந்த வரி கிட்டார் போலத் துலங்கும்.

மற்றவர்களுடன் சேர்ந்து வாசிக்கப் போகிறேன். எதைத் தயார் செய்வது?

பன்னிரண்டு பார் ப்ளூஸ். அது ஒரு பாடலாக இல்லாமல் நூற்றுக்கணக்கான பாடல்களின் அச்சாக இருப்பதால், முன்பின் அறியாதவர்களுடனும் உடனே வாசிக்கத் தொடங்கிவிடலாம். ஏ என்று எடுத்துக்கொண்டால் நான்கு பார் ஏ, இரண்டு பார் டி, இரண்டு பார் ஏ, ஒரு பார் ஈ, ஒரு பார் டி, கடைசி இரண்டு பார் ஏ. பாடகர் தன் குரலுக்கு ஏற்ப ஜியில் வேண்டும், சியில் வேண்டும் என்பார்; ஆகவே வடிவமாகவே பழகுங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை பாடல்கள்? ஒரு பாடல் முடிந்ததாக எப்போது கருதலாம்?

இரண்டு. ஒன்று ஏற்கெனவே கைக்குள் வந்து மெருகேறிக்கொண்டிருப்பது, மற்றது புதியது. மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

முடிந்ததா என்று பார்க்க, பதிவை அணைத்துவிடுங்கள். 120 தட்டு வேகமுள்ள பாடல் என்றால் மெட்ரோனோமை 60க்கு வைத்து, அதன் ஒவ்வொரு தட்டையும் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையாகக் கொண்டு, ஸ்நேர் ட்ரம் ஒலிப்பதாக எண்ணி முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். உங்களை நீங்களே மன்னித்துவிடாதபடி ஓர் இரவு இடைவெளி இருக்க வேண்டும். எங்காவது மெட்ரோனோமின் தட்டு ஒன்றாம் எண்ணிக்கைக்கு நழுவியிருந்தால் அந்த இடத்துக்கு முந்தைய இரண்டு பார்களை மட்டும் அன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று நாள் எங்கும் நழுவாமல் வந்துவிட்டால் அடுத்த பாடலைத் தேடத் தொடங்கலாம்.